11 மாதப் பத்திரம் போட்டாச்சு, நோட்டரியும் பண்ணியாச்சு. பதிவு ஆகிவிட்டதா?

போன மாதம் தம்பி முறை வரும் ஒரு பையன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். புது வேலை, புது வீடு. "அண்ணா, வீட்டுக்காரர் 11 மாசத்துக்கு அக்ரிமென்ட் போட்டுக் கொடுத்துட்டார், நோட்டரிகிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சு, அப்ப ரிஜிஸ்டர் ஆயிடுச்சுதானே?" என்று கேட்டான். இல்லை என்றேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் பேசினோம். வாடகை வீட்டில் இருக்கிற பாதிப் பேர் இதே நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள் என்பதால் அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன். பல வருடம் சென்னையில் வாடகைக்குக் குடியிருந்தவன் நான், ஊரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை அம்மா வாடகைக்கு விட்டிருக்கிறார், அதனால் இரண்டு பக்கத்துக் கவலையும் எனக்குத் தெரியும். எல்லாமே தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்வது. மற்ற மாநிலங்களில் முத்திரைக் கட்டணமும் வாடகைச் சட்டமும் வேறு.

முதலில் அந்த 11 மாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஒரு வருடத்துக்கு மேல் போகிற குத்தகைப் பத்திரத்தைக் கட்டாயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடுகிற பத்திரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், அலைச்சல் எல்லாவற்றையும் தவிர்க்க நம் ஆட்கள் 11 மாதம் என்று எழுதிக்கொண்டார்கள், அது அப்படியே நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. ஸ்டாம்ப் வெண்டர் கடையில் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிப் பத்திரம் எப்போதும் தயாராக இருக்கும், பெயர், விலாசம், வாடகை, அட்வான்ஸ் நான்கை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் மற்ற வரிகள் என்ன சொல்கின்றன என்று யாரும் படிப்பதில்லை. நானும் முதல் வீட்டுக்குப் படிக்கவில்லை, அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, மூன்று வருடம் என்று எழுதிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பதிவாக வேண்டிய பத்திரம் பதிவாகவில்லை என்றால், அதிலுள்ள நிபந்தனைகளுக்கு அதைச் சான்றாக நீதிமன்றம் ஏற்காது, இது அதே சட்டத்தின் 49ஆவது பிரிவு. வாடகைக்கு இருக்கிறீர்கள் என்ற அளவுக்கு அது உதவலாம். "மூன்று வருடத்துக்கு என்னைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறதே" என்று அதை நீட்டினால் எடுபடாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் அப்படிப்பட்ட குடியிருப்பை மாதாமாதம் ஓடுகிற வாடகையாகத்தான் பார்க்கும், அதை முடிக்க 15 நாள் அறிவிப்பு போதும் என்கிறது அதன் 106ஆவது பிரிவு. லட்சக்கணக்கில் செலவு செய்து கடைக்கு உள் அலங்காரம் செய்தவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தமிழ்நாட்டில் 11 மாதக் கணக்கையே பெரும்பாலும் பயனற்றதாக்கிய ஒரு சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டிலிருந்து இருந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று ஒன்றை 2017இல் கொண்டுவந்தார்கள், 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வீட்டுக்கும் கடைக்கும் இரண்டுக்கும் பொருந்தும். கோயில் சொத்து, வக்ஃப் சொத்து, அரசுக் கட்டடம் போன்றவை இதற்குள் வராது. இந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்வது இரண்டு: வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதமா, ஐந்து வருடமா என்ற பேதமெல்லாம் அங்கே இல்லை. ஆறு மாதத்துக்கு எழுதினாலும் பதிவு வேண்டும்.

அந்த வாடகை அதிகாரி யார் என்றால், ரென்ட் அத்தாரிட்டி என்று சொல்கிறார்களே அவர்தான். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இதற்கு நியமிக்கிறார். அவருக்கு மேலே வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயம். பதிவுக்காக யாருடைய அலுவலக வாசலிலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, இதற்கென்றே அரசு நடத்தும் டெனன்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இருவருடைய பெயர், விலாசம், அடையாள விவரம், எந்தக் கட்டடம், எந்தத் தேதியில் சாவி கைமாறியது, வாடகை எவ்வளவு, மின்சாரம் தண்ணீருக்குத் தனியாக என்ன, வீட்டோடு கொடுத்த சாமான்கள் என்னென்ன, எத்தனை காலத்துக்கு, இவ்வளவும் விண்ணப்பத்தில் கேட்பார்கள். கையெழுத்தான பத்திரத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். ஏற்கப்பட்டால் ஒரு பதிவு எண் கிடைக்கும். வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, வாடகைக்கு இருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.

ஆக, மூன்று வெவ்வேறு வேலைகளை நாம் ஒன்று என்று குழப்பிக்கொள்கிறோம். நோட்டரி போடுகிற முத்திரை, இவர்கள்தான் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான், அது எந்தச் சட்டத்தின் கீழும் பதிவு ஆகாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பத்திரத்துக்குக் கட்டாயம். வாடகை அதிகாரியிடம் செய்கிற பதிவு, காலம் எவ்வளவானாலும் வேண்டும். மூன்று வருடத்துக்குக் கடை எடுக்கிறீர்கள் என்றால் பின்னிரண்டையும் செய்தாக வேண்டும். கோயம்புத்தூர்த் தம்பிக்கு இணையதளப் பதிவு ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்" என்று பலர் சொல்வார்கள். உறவு நன்றாக இருக்கிறவரை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். கசந்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரியும். ஒப்பந்தம் போடத் தவறியதையே காலி செய்யச் சொல்வதற்கான ஒரு காரணமாக இந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவு வைத்திருக்கிறது. பத்து, பதினைந்து வருடமாகப் பத்திரமே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், நல்ல வாடகைதாரர் என்ற பெயர் மட்டும் அங்கே காப்பாற்றாது. வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்த்தாலும், இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, அறிவிப்பு கொடுத்து ஒரு மாதமாகியும் தராவிட்டால் வாடகை நீதிமன்றம் போக வழி இருக்கிறது, அங்கே போய் நிற்கும்போது கையில் பதிவான பத்திரம் இருந்தால்தான் பேச்சுக்குப் பலம்.

முத்திரைத்தாள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனை மதிப்புள்ள தாளில் எழுதுகிறீர்கள் என்பது வெறும் சடங்கு என்று நினைத்து 20 ரூபாய்த் தாளிலும் 100 ரூபாய்த் தாளிலும் எழுதிக்கொண்டிருந்தோம். சட்டப்படி பார்த்தால், 30 வருடத்துக்குக் குறைவான குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். மாதம் 20,000 ரூபாய் வாடகையில் மூன்று வருடத்துக்கு ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்கு 7,20,000 ரூபாய். முத்திரை 7,200, பதிவு 7,200, மொத்தம் 14,400. அட்வான்ஸ், பிரீமியம் என்று பத்திரத்தில் வருகிற தொகையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் கொஞ்சம் கூடும். குறைந்த முத்திரையில் எழுதிய பத்திரத்தை நீதிமன்றத்தில் நீட்டினால், விட்டுப்போன கட்டணத்தையும் அதற்குமேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டிய பிறகுதான் அதைத் தொடுவார்கள். ஒரு மாத வாடகைக்கும் குறைவான தொகையை மிச்சம் பிடிக்க எடுக்கிற ஆபத்து இது. அப்புறம், முத்திரைத்தாள் வாங்கி ஆறு மாதமானால் செல்லாது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. பழைய தாளில் எழுதியது என்பதற்காக மட்டும் பத்திரம் செல்லாமல் போகாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் தாள் வாங்கிய தேதி, பத்திரத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது, தாளும் இருவரில் ஒருவர் பெயரில் வாங்கியதாக இருக்கட்டும்.

சார்பதிவாளர் அலுவலகம் போவதென்றால், பதிவுத் துறை இணையதளத்தில் விவரங்களை ஏற்றி, பணம் கட்டி, டோக்கன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு தரப்பும் அசல் அடையாள அட்டையோடு, இரண்டு சாட்சிகளோடு. கைரேகை வைப்பார்கள், படம் எடுப்பார்கள். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும், அது தப்பினால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் வரை இடம் உண்டு.

இனி பத்திரத்துக்குள் என்ன எழுதுவது என்பது. எனக்கு நிறையச் சொல்ல இருப்பது இங்கேதான்.

என் முதல் வாடகை வீட்டுக்கு 80,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். நான்கு வருடம் கழித்துக் காலி செய்த அன்று வீட்டுக்காரர் அறை அறையாக வந்து பார்த்தார். மாடிப்படி ஓரத்துச் சுவரில் காலண்டர் மாட்டிய ஆணித்துளை, வாஷ்பேசினில் மயிரிழை போல ஒரு கீறல், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றவில்லை. பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை, பேசினுக்கு 3,500, ஃபேனுக்கு 2,000 என்று ஒரு பழைய கவரின் பின்னால் எழுதிக் கழித்தார். அந்த பேசின் கீறல் நான் குடிவந்த நாளிலேயே இருந்தது. எனக்குத் தெரியும், அவருக்கு மறந்துபோயிருக்கலாம். அதைக் காட்ட என்னிடம் ஒரு வரியும் இல்லை, ஒரு படமும் இல்லை. அவர் மோசமான மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். எங்கள் பத்திரத்தில் "வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்ற ஒரே வரி மட்டும் இருந்தது. நல்ல நிலை என்றால் எது என்று இரண்டு பேரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் பிரச்சினை.

அதனால் பத்திரத்தோடு ஒரு பட்டியலை இணையுங்கள். சீலிங் ஃபேன் 4, அதில் எந்த அறை ஃபேனில் சத்தம் வருகிறது, டியூப் லைட் 5, கீசர் 1, எந்த கம்பெனி, மோட்டார் யாருடையது, சாவி எத்தனை செட், கண்ணாடி உடைந்த ஜன்னல் எது, ஈரம் ஏறிய சுவர் எது, குடிவரும் நாளில் ஈ.பி. மீட்டர் எந்த எண்ணில் நிற்கிறது. இருவரும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். சாமான் ஏற்றுவதற்கு முன்னால், வெறும் வீடாக இருக்கும்போது, அறை அறையாக வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்பதற்கு 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, உள்ளும் வெளியும் மின் வயரிங், இதெல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட் பழுது, பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, இதெல்லாம் குடியிருப்பவர் பக்கம். கவனித்தீர்களா, வெள்ளையடிப்பது உரிமையாளர் பக்கம் இருக்கிறது. காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை என்பது நம் ஊர் வழக்கம், சட்டம் விதித்தது அல்ல. ஆனால் பத்திரத்தில் நீங்களே அப்படி ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் அட்டவணையைக் காட்டி வாதாடுவது கஷ்டம். பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்தான். மூன்று வருடத்துக்கு மேல் இருந்தால் பெயின்ட் பிடித்தம் கிடையாது என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், நியாயமான வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அம்மா எங்கள் மாடி வீட்டுக்கு அப்படித்தான் எழுதுகிறார்.

அட்வான்ஸ் எவ்வளவு? மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம், கூடவே "வேறு விதமாக உடன்பாடு இருந்தாலன்றி" என்று ஒரு வாலையும் வைத்திருக்கிறது. அந்த வால் வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடுகிறது. பேரம் பேசும்போது சட்டம் மூன்று மாதம் என்கிறது என்று தயங்காமல் சொல்லலாம், பத்து ஆறாகக் குறைந்தாலும் லாபம்தானே. திருப்பித் தருவதற்கு, காலி செய்து ஒரு மாதத்துக்குள் என்று கெடு இருக்கிறது. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அடுத்தவர் கொடுக்கிற அட்வான்ஸை வாங்கித்தான் நமக்குத் தருகிறார்கள், அதனால் "சாவி ஒப்படைக்கும் அன்றே" என்றோ, "இத்தனை நாளுக்குள்" என்றோ நாளைக் குறித்தே எழுதிவிடுங்கள். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, அந்தப் பரிமாற்ற எண்ணையும் தேதியையும் பத்திரத்திலேயே ஏற்றுங்கள்.

வாடகை உயர்வை "காலத்துக்கேற்ப" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு வருடத்துக்கு 5 சதவீதமோ, என்ன பேசினீர்களோ அதை எண்ணில் எழுதச் சொல்லுங்கள். காலி செய்வதற்கான அறிவிப்பு இரண்டு மாதமா, மூன்று மாதமா, அது இரண்டு தரப்புக்கும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்பவர் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், உரிமையாளர் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும் என்று எழுதிய பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். தனி ஈ.பி. இணைப்பா, சப் மீட்டரா, சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு, மெயின்டெனன்ஸ் யார் கட்டுவது, தண்ணீர் லாரி வந்தால் யார் பங்கு எவ்வளவு, கார் நிறுத்த இடம் எது, இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். மாதாமாதம் மனக்கசப்பு வருவது இவற்றில்தான். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும், சண்டையில் தண்ணீரையோ கரண்டையோ துண்டிக்கக் கூடாது, இந்த இரண்டும் சட்டத்திலேயே இருக்கின்றன, பத்திரத்தில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு உண்டு.

பத்திரத்தை இரண்டு அசலாகப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். "அசல் என்கிட்ட இருக்கட்டும், நீங்க ஜெராக்ஸ் வெச்சுக்கோங்க" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், கையெழுத்தான ஒரு அசலைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு காரியம், எதிரில் இருப்பவர் உண்மையிலேயே உரிமையாளரா என்று பார்ப்பது. சொத்து வரி ரசீது, ஈ.பி. கார்டு இரண்டிலும் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். சொத்து யார் பெயரில், அதன் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், மச்சான்தான் பார்த்துக்கொள்கிறார் என்றால் அந்த மச்சானுக்குப் பவர் பத்திரம் இருக்க வேண்டும், அதில் வாடகைக்கு விடும் அதிகாரம் எழுதியிருக்க வேண்டும். இடையில் ஒருவர் வீட்டை வாடகைக்கு எடுத்து நமக்கு உள்வாடகைக்கு விடுகிறார் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

லீஸ் வீடு எடுப்பவர்களுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். சட்டத்தில் குத்தகை என்று சொல்வது வேறு, நம் ஊரில் லீஸ் என்று சொல்வது வேறு. நாம் லீஸ் என்பது ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது, கடைசியில் அந்தப் பணத்தை அப்படியே திருப்பி வாங்குவது. கிராமத்தில் ஒத்தி, போக்கியம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். பணம் தேவைப்படுகிறவர்தான் வீட்டை லீஸுக்கு விடுவார், அவருக்கு ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்க வாய்ப்பு அதிகம். வீடு அடமானத்தில் இருந்து தவணை நின்றுபோனால் வங்கி வந்து ஜப்தி நோட்டீஸ் ஒட்டும், அன்றைக்கு உங்கள் 20 ரூபாய்த் தாள் பத்திரத்தைக் காட்டினால் வங்கி அதை மதிக்காது. இன்னொரு விதமான ஏமாற்று, இடைத்தரகர் உங்களிடம் லீஸ் தொகையை வாங்கிக்கொண்டு உரிமையாளருக்கு மாத வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் கொடுப்பதை நிறுத்துகிற மாதம்தான் உங்கள் வீட்டுக் கதவை உரிமையாளர் தட்டுவார், அதுவரை அவருக்கு நீங்கள் லீஸில் இருப்பதே தெரியாது. வாழ்நாள் சேமிப்பை இப்படித் தொலைத்த குடும்பங்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. லீஸ் என்றால் வில்லங்கச் சான்று பார்ப்பது, பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புவது, பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது, இந்த மூன்றில் எதற்காவது அவர் தயங்கினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வில்லங்கத்தில் அடமானம் இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

கடை, அலுவலகம் எடுப்பவர்கள் கூடுதலாகச் சிலதைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் போட்ட முதலை எடுக்கவே ஒன்றிரண்டு வருடமாகும், அதனால் குறைந்தது அத்தனை காலத்துக்காவது உரிமையாளர் காலி செய்யச் சொல்லக் கூடாது என்கிற லாக்-இன் காலம் வேண்டும், அதற்காகவே பத்திரத்தைப் பதிவு செய்வது வேண்டும். என்ன தொழில் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், டீக்கடை என்று எழுதிவிட்டுப் பின்னால் ஹோட்டல் ஆக்கினால் தகராறு வரும். பெயர்ப்பலகை எங்கே, ஷட்டர், ஏ.சி., பார்ட்டிஷன் போன்றவற்றில் காலி செய்யும்போது எதை எடுத்துப் போகலாம், வேலை நடக்கிற முதல் மாதத்துக்கு வாடகை உண்டா என்று எல்லாம் எழுத்தில் வரட்டும். வீட்டுக்கான மின் இணைப்பில் கடை நடத்தக் கூடாது, கட்டணப் பிரிவை மாற்ற வேண்டும், மாற்றுவது யார் செலவு என்பதையும் பேசிவிடுங்கள். ஜிஎஸ்டி எண் வாங்கும்போது வியாபார இடத்துக்கு ஆதாரமாக இந்த வாடகைப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள், அதனால் விலாசம் கதவு எண் உட்பட ஈ.பி. பில்லில் உள்ளபடியே இருக்க வேண்டும். வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வருமா, வந்தால் யார் கட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், வீடானாலும் கடையானாலும் வாடகையிலிருந்தே டிடிஎஸ் என்ற வருமான வரியை முன்கூட்டியே பிடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சம்பளக்காரர்கள் வாடகைப் படிக்கு வருமான வரியில் கழிவு கேட்கும்போது, வருட வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் உரிமையாளரின் பான் எண் வேண்டும், அதைப் பத்திரத்திலேயே வாங்கிவிட்டால் மார்ச் மாதத்தில் கெஞ்ச வேண்டியதில்லை.

காலம் முடிந்து பத்திரத்தைப் புதுப்பிக்காமலே தொடர்ந்து குடியிருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் வரைதான் ஓடும். புதுப்பிக்கும்போது புதுப் பத்திரம், மறுபடி பதிவு. இதற்குக் காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

கடைசியாகக் காலி செய்யும் நாள். எங்கள் இரண்டாவது வீட்டைக் காலி செய்தபோது பத்திரத்தில் இணைத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரம்மாவும் அறை அறையாகப் போனோம். ஃபேன் நான்கும் சுற்றின. "கொசுவலை ஒண்ணு கிழிஞ்சிருக்கேப்பா" என்றார், பார்த்தேன், ஆமாம், எங்கள் கணக்குதான், 400 ரூபாய். மீட்டரைப் படம் எடுத்தோம், அன்று வரைக்குமான கரண்ட் காசைக் கழித்தோம். ஒரு வெள்ளைத்தாளில், இன்ன தேதியில் வீட்டின் சாவி மூன்று செட்டும் ஒப்படைக்கப்பட்டது, பிடித்தம் இவ்வளவு, மீதி அட்வான்ஸ் இவ்வளவு, வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமானது, முழுதாகப் படித்த பிறகே போட்டார். சாமான் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் பணம் வந்துவிட்டது.